பரீட்சை பயமும் சிறுநீரகமும்: நரம்பு என்ன சொல்கிறது?



இந்தக் கட்டுரை எழுதக் காரணம் எங்கள் வகுப்புக் கடைசி பெஞ்சில் இருந்து வந்த ஒரு கேள்விதான். விலங்கியல் டீச்சர் போர்டில் நெஃப்ரான் படம் போட்டுவிட்டு, "பயம், கோபம், ஓட்டம், இந்த மாதிரி நேரத்துல பரிவு நரம்பு மண்டலம் வேலை செய்யும். இதயம் வேகமா அடிக்கும், வாய் உலரும். சிறுநீரகத்துல சிறுநீர் உற்பத்தி குறையும்" என்றார். உடனே ஒரு கை மேலே போனது.

"டீச்சர், அப்போ பரீட்சை ஹாலுக்குப் போறதுக்கு முன்னாடி மட்டும் எல்லாருக்கும் பாத்ரூம் வருதே, அது எப்படி டீச்சர்?"

வகுப்பே சிரித்துவிட்டது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விதானே கேட்டா, எதுக்குச் சிரிக்கிறீங்க? பதிலைக் கண்டுபிடிச்சு சுவரிதழ்ல எழுதுங்க பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். கேள்வி கேட்டவள் தப்பித்துக்கொண்டாள், எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு வாரம் நூலகத்திலும் டீச்சர் தந்த உடலியங்கியல் புத்தகத்திலும் தேடி எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், பதில் கடைசியில் வரும்.

12 குடம் தண்ணீர்

முதலில் ஒரு கணக்கு. நமக்கு இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரானின் தலையில் இருக்கும் குளோமருலஸ் என்ற தந்துகி முடிச்சில் ரத்தம் வடிகட்டப்படுகிறது. இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு சுமார் 125 மில்லிலிட்டர், ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகின்றன. வீட்டில் இருக்கும் 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் 12 குடம் வரும்! உடம்பில் மொத்தமே சுமார் 3 லிட்டர் பிளாஸ்மாதான் இருக்கிறது. அதாவது அதே பிளாஸ்மா ஒரு நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது.

ஆனால் வெளியே போவது சுமார் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர்தான். மீதி எல்லாம் எங்கே போச்சு? நெஃப்ரானின் குழல் வழியே ஓடும்போதே திரும்ப ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. 100-க்கு 99 பங்கு திரும்ப வந்துவிடும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அண்மைச் சுருள் நுண்குழலே உறிஞ்சிவிடும். பிறகு ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், சேகரிப்பு நாளம் என்று மீதி வேலை நடக்கும். (படம் 1 பார்க்க. பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தது உறிஞ்சும் இடங்கள்.)

இப்போது கவனியுங்கள். 180 லிட்டரில் 99 சதவீதம் உறிஞ்சினால் சிறுநீர் 1.8 லிட்டர். 98 சதவீதம்தான் உறிஞ்சியது என்றால்? 3.6 லிட்டர்! உறிஞ்சுவதில் ஒரே ஒரு சதவீதம் குறைந்தால் சிறுநீர் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. அதனால்தான் யாராவது அந்தக் குழல்களுக்குப் பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் உறிஞ்சு", "போதும் விடு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்பவர்களில் ஒருவர்தான் நரம்பு.

நரம்பை வெட்டிப் பார்த்தவர்

1859-ல் பிரான்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்டு ஒரு சோதனை செய்தார். மயக்கத்தில் இருந்த விலங்கின் ஒரு பக்கத்தில், சிறுநீரகப் பக்கம் போகும் நரம்புக் கற்றையை வெட்டினார். அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தில் மட்டும் சிறுநீர் அதிகமாக வந்தது. வெட்டிய நரம்பைத் தூண்டினால் சிறுநீர் குறைந்தது. அப்படியென்றால் நரம்பு என்ன சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது? "பிடித்து வை, விடாதே" என்றுதான்.

நரம்பு எப்படிச் சொல்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மின்சாரமா, மருந்து மாதிரி ஏதாவது பொருளா என்று பெரிய சண்டையே நடந்தது. 1921-ல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து அதைத் தீர்த்தார். ஒரு இதயத்தின் நரம்பைத் தூண்டி, அது இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். தூண்டாத அந்த இதயமும் மெதுவாக அடித்தது! நரம்பு முனையில் இருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் வந்திருக்கிறது என்று உறுதியானது. (இந்தச் சோதனை தனக்குக் கனவில் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். நமக்குக் கனவில் கணக்குப் பரீட்சைதான் வருகிறது!) அந்த வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். 1936-ல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பரிவு நரம்புகளின் முனையில் வருவது நோர்அட்ரினலின் என்று 1946-ல் காட்டியவர் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் ஃபான் ஆய்லர். இவருக்கு 1970-ல் நோபல். நம் கட்டுரையின் கதாநாயகன் இந்த நோர்அட்ரினலின்தான்.

இதயத்துக்குப் பரிவு நரம்பும் உண்டு, அதற்கு எதிரான நரம்பும் உண்டு. ஒன்று வேகப்படுத்தும், இன்னொன்று மெதுவாக்கும். சிறுநீரகத்துக்கு வரும் கட்டளை நரம்புகளோ ஏறக்குறைய எல்லாமே பரிவு நரம்புகள்தான். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. பரிவு நரம்பு சத்தமாகப் பேசினால் தண்ணீர் நிற்கும், அடங்கினால் தண்ணீர் போகும். அவ்வளவுதான்.

உப்பு போனால் தண்ணீர் பின்னாலே போகும்

ரொம்ப காலம் பலர் என்ன நினைத்தார்கள் என்றால், நரம்பு ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, ரத்தம் குறைவாக வருகிறது, அதனால் சிறுநீர் குறைகிறது என்று. அதுவும் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. 1970-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்பு இழைகள் ரத்தக் குழாயோடு நிற்காமல் குழல் செல்களுக்குப் பக்கத்திலேயே போவது தெரிந்தது. பாசிமணி மாலை மாதிரி அந்த இழையில் அங்கங்கே சின்னச் சின்ன வீக்கங்கள். ஒவ்வொரு மணிக்குள்ளும் நோர்அட்ரினலின் பைகள்.

அந்த நோர்அட்ரினலின் குழல் செல்லின் மேல் உள்ள ஆல்ஃபா-1 ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பூட்டுக்குச் சாவி மாதிரி. உடனே செல்லுக்குள் இரண்டு வேலை வேகமாகிறது. ஒன்று, குழலின் உட்பக்கச் சுவரில் இருக்கும் மாற்றி ஒரு சோடியம் அயனியை உள்ளே இழுத்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். இரண்டு, செல்லின் அடிப்பக்கத்தில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு, 3 சோடியத்தை ரத்தப் பக்கம் தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். மொத்தத்தில் குழலில் இருந்த உப்பு ரத்தப் பக்கம் போய்விடுகிறது.

சரி, கட்டுரை தண்ணீரைப் பற்றியது, ஏன் உப்பைப் பற்றியே பேசுகிறாய் என்று கேட்பீர்கள். வீட்டில் ஊறுகாய் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு ஜாடியில் மூடி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே மறுநாள் தண்ணீர் விட்டு நிற்கும். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் தானே போகும். சவ்வூடுபரவல் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தோமே, அதேதான். தண்ணீரை நேராக இழுத்துத் தள்ளும் பம்பு நம் சிறுநீரகத்தில் கிடையாது. நரம்பு உப்பைத்தான் நகர்த்துகிறது. தண்ணீர் தன்னால் பின்னாலே வருகிறது.

நரம்பு எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்பது எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. விலங்குகளில் நரம்பைத் தூண்டிப் பார்த்த சோதனைகளில், விநாடிக்கு சுமார் 0.5 துடிப்பு கொடுத்தால் ரெனின் என்ற நொதி மட்டும் அதிகம் சுரந்தது (இது பீட்டா-1 ஏற்பி வழியாக). சுமார் 1 துடிப்பு ஆனதும் குழல்கள் உப்பை அதிகம் உறிஞ்சின. ஆனால் ரத்த ஓட்டம் அப்போதும் குறையவில்லை! 2.5 துடிப்பு அளவுக்குப் போனபிறகுதான் ரத்தக் குழாய் சுருங்கியது. அதாவது நரம்பு முதலில் காதோடு காதாகச் சொல்கிறது, அப்புறம் அதட்டுகிறது, கடைசியில்தான் குழாயையே நெரிக்கிறது.

ரெனின் என்ன செய்யும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆஞ்சியோடென்சின், அல்டோஸ்டீரோன் என்று ஒரு சங்கிலி, முடிவில் அதுவும் உப்பைப் பிடித்து வைக்கும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும். பாட்டி வீட்டில் பிரஷருக்கு அட்டெனலால் மாத்திரை இருந்தால் அட்டையைப் பாருங்கள். அது இந்த பீட்டா-1 ஏற்பியை அடைக்கும் மருந்து. இதயத்திலும் வேலை செய்யும், சிறுநீரகத்தில் ரெனினையும் குறைக்கும்.

மாத்திரைக்கு அடங்காத பிரஷருக்கு, சிறுநீரகத் தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, சுற்றி இருக்கும் நரம்பையே சுட்டுவிடும் சிகிச்சையும் இருக்கிறது. 2014-ல் வந்த பெரிய ஆய்வில் அது எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை, எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள் போல இருந்தது. கருவியையும் முறையையும் மாற்றி மறுபடி ஆய்வு செய்தார்கள். 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. பெர்னார்டு வெட்டிய அதே நரம்புதான் இது!

எதிர்க்கட்சி: டோபமின்

பரிவு நரம்புக்கு எதிர்த்துப் பேச ஆள் இல்லை என்று சொன்னேன். நரம்பில்தான் இல்லை. குழல் செல்லே ஒரு எதிர்க்கட்சியை வைத்திருக்கிறது. மூளையில் மகிழ்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் டோபமின் இருக்கிறதே, அதை அண்மைச் சுருள் நுண்குழல் செல்கள் தாங்களே தயாரிக்கின்றன. நாம் உப்பு அதிகம் சாப்பிட்டால் டோபமின் அதிகம் உண்டாகி, மேலே சொன்ன மாற்றியையும் பம்பையும் மெதுவாக்கிவிடும். உப்பும் தண்ணீரும் சிறுநீரில் போய்விடும்.

இதை வைத்து மருத்துவர்கள் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சிறுநீர் குறைந்துபோன நோயாளிக்குக் கொஞ்சமாக டோபமின் ஏற்றினால் சிறுநீர் வரும், சிறுநீரகம் பிழைக்கும் என்று. பல வருடம் பல நாடுகளில் அப்படிச் செய்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 328 நோயாளிகளை வைத்து முறையாகச் சோதித்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். டோபமின் கொடுத்தவர்களுக்கும் வெறும் உப்பு நீர் கொடுத்தவர்களுக்கும் சிறுநீரகம் கெடுவதில் வித்தியாசமே இல்லை! சிறுநீரைக் கூட்டுவது வேறு, சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது வேறு. படிப்பதற்குச் சரியாகத் தோன்றுவது எல்லாம் நோயாளியிடம் சரியாக வராது என்று டீச்சர் சொன்னார். எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது.

நரம்பு இல்லாவிட்டால்?

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்ற மருத்துவர், இரட்டைச் சகோதரர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தினார். வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று இதுதான். (இவருக்கும் 1990-ல் நோபல்.) மாற்று அறுவையில் தமனி, சிரை, சிறுநீர்க் குழாய் மூன்றையும் இணைப்பார்கள். நரம்பை இணைப்பதில்லை. ஆனாலும் சிறுநீரகம் வேலை செய்கிறது!

அப்போ இவ்வளவு நேரம் நரம்பைப் பற்றி எழுதியதெல்லாம் வீணா? இல்லை. உடம்பு ஒரே செய்தியை இரண்டு வழியில் அனுப்புகிறது. நரம்பு என்பது போன் மாதிரி, அந்த நொடியே கேட்கும். ஹார்மோன் என்பது தபால் மாதிரி, ரத்தத்தில் வரும், கொஞ்சம் நேரமாகும். போன் அறுந்தாலும் தபால் வரும்.

தபாலில் முக்கியமானது ஏ.டி.எச். இதையும் நரம்பு செல்கள்தான் செய்கின்றன, ஹைபோதலாமஸில். ஆனால் பக்கத்து செல்லிடம் கொடுக்காமல், பிட்யூட்டரியின் பின் கதுப்பு வழியாக ரத்தத்தில் விட்டுவிடுகின்றன. ரத்தத்தின் உப்புச் செறிவு 1 அல்லது 2 சதவீதம் ஏறினாலே போதும், ஏ.டி.எச். வந்துவிடும். அது சேகரிப்பு நாளச் செல்களில் அக்வாபோரின் என்ற தண்ணீர்க் கதவுகளைச் சுவரில் கொண்டுவந்து வைக்கும். தண்ணீர் உள்ளே போகும். அக்வாபோரினைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல். ஏ.டி.எச். சுரக்காதவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டருக்கு மேல்கூட சிறுநீர் போகும்.

விளையாட்டு மைதானத்தில் நடப்பது

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். போன விளையாட்டு விழா ஒத்திகையில் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மயங்கி விழுந்தாள், நினைவிருக்கிறதா? காலையில் இருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று பிறகு சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. சொல்லவே வேண்டாம், நம் எல்லோருக்கும் தெரியும். குடித்தால் போக வேண்டும். இருக்கிற மூன்று பாத்ரூமில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் தண்ணீர் வராது. அதனால் காலை 8 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி 5 மணிக்குத் திரும்பும்வரை பாட்டிலைத் திறக்காதவர்கள் எங்கள் வகுப்பிலேயே பாதிக்கு மேல். நானும்தான்.

அந்த 9 மணி நேரம் உள்ளே என்ன நடக்கிறது? வெயிலில் ஓடும்போது வியர்க்கிறது. வேடிக்கை என்னவென்றால் வியர்வைச் சுரப்பிக்கு வருவதும் பரிவு நரம்புதான். ஆனால் அங்கே மட்டும் அது நோர்அட்ரினலினுக்குப் பதில் அசிட்டைல்கோலினை விடுகிறது. ஒரே குடும்பத்து நரம்பு, தோலில் குழாயைத் திறக்கிறது, சிறுநீரகத்தில் குழாயை மூடுகிறது! ரத்தத்தின் அளவு குறைவதை இதயத்தின் மேலறையில் உள்ள உணர்விகள் கண்டுபிடிக்கும், சிறுநீரக நரம்பு சத்தமாகப் பேசும், உப்பும் தண்ணீரும் திரும்ப உறிஞ்சப்படும், கூடவே ஏ.டி.எச். தபாலும் வந்து சேரும். சிறுநீர் கொஞ்சமாக, கடும் மஞ்சளாக ஆகிவிடும்.

ஆனால் எவ்வளவு உறிஞ்சினாலும் சிறுநீரைப் பூஜ்யம் ஆக்க முடியாது. யூரியாவையும் மற்ற கழிவையும் வெளியேற்ற ஒரு நாளைக்கு சுமார் அரை லிட்டராவது போயே ஆக வேண்டும். மூச்சிலும் தோலிலும் போவது தனி. நரம்பு இருக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்குமே தவிர, புதுத் தண்ணீர் செய்யாது. தினமும் இப்படியே கெட்டியான சிறுநீரோடு இருந்தால் கல் உண்டாகவும், சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று வரவும் வாய்ப்பு அதிகம். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை நீளம் குறைவு என்பதால் தொற்று இன்னும் எளிதாக வரும். இதை மூடி மறைத்து எழுத வேண்டாம் என்று டீச்சரும் சொன்னார், அதனால் எழுதிவிட்டேன். தாழ்ப்பாளுக்கும் குழாய்க்கும் எங்கள் வகுப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு தலைமையாசிரியர் அம்மாவிடம் மனு கொடுத்திருக்கிறோம். மற்ற வகுப்புகளும் கொடுத்தால் நல்லது.

கடைசி பெஞ்சுக்குப் பதில்

சிறுநீரகம் வேறு, சிறுநீர்ப்பை வேறு. முன்னது தயாரிக்கும் இடம், பின்னது சேர்த்து வைக்கும் இடம். பரீட்சைக்கு முன் பயத்தில் சிறுநீரகம் உண்மையிலேயே குறைவாகத்தான் தயாரிக்கிறது. டீச்சர் சொன்னது சரி. ஆனால் "வருது" என்ற உணர்வு சிறுநீர்ப்பையில் இருந்து மூளைக்குப் போவது. பையில் 400, 500 மில்லிலிட்டர் வரை பிடிக்கும். சாதாரண நாளில் 150 மில்லிலிட்டர் சேர்ந்திருந்தால் லேசாகத் தெரியும், மறந்துவிட்டுப் பாடத்தைக் கவனிப்போம். பதற்றமாக இருக்கும்போது உடம்பில் நடக்கும் சின்ன விஷயம்கூட மூளைக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதே 150 மில்லிலிட்டர் "இப்பவே போ" என்கிறது.

நம்பவில்லை என்றால் நீங்களே நினைத்துப் பாருங்கள். மணி அடிப்பதற்கு முன் அவ்வளவு அவசரமாக ஓடுகிறோம், போனால் கொஞ்சம்தானே வருகிறது? அந்தக் கொஞ்சம்தான் சிறுநீரக நரம்பு தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. (காலையில் பயத்தில் இரண்டு டம்ளர் காபியும் ஒரு செம்பு தண்ணீரும் குடித்தவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களுக்கு நிஜமாகவே வரும்.)

வாசகர்களுக்கு ஒரு கணக்கு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது. நரம்பும் ஏ.டி.எச்.சும் சேர்ந்து 99.5 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சவைத்தால் சிறுநீர் எவ்வளவு? விடையைப் பெயர், வகுப்போடு எழுதி விலங்கியல் ஆய்வக வாசலில் உள்ள அட்டைப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். சரியான விடை எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.

– பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி
(படங்கள்: அதே வகுப்புத் தோழிகள்)